நல்லா இருக்குன்னு சொல்லக்கூடாது

அத்தியாயம் 14

சென்ற வாரம் மிக்ஸியை ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். அவன் கலந்து கொடுத்த பாட்டில் இடப்பக்கம் காதைக் கிழிக்கிறது என்று இசையமைப்பாளர் திருப்பி அனுப்பியிருந்தார். ஸ்பீக்கர் சரியில்லை என்றான் மிக்ஸி. ஸ்பீக்கரை மாற்றினார்கள். பாட்டு மாறவில்லை. அடுத்த மாதம் முதல் அந்தக் கூடத்துக்கே அவன்தான் தலைமை என்று முடிவாகியிருந்த நேரத்தில் இப்படி ஒரு பேச்சு கிளம்பியிருக்க வேண்டாம்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸி என்பது இங்கே சமையலறைச் சாமான் இல்லை, ஆள். குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்து ஒரே பாட்டாக்கித் தருவது அவன் தொழில். பையன் என்ன செய்கிறான் என்று யாரோ கேட்டபோது அவன் அப்பா, “எல்லாத்தையும் உள்ள போட்டு ஒரு சுத்து சுத்துவான்” என்று விளக்கம் கொடுத்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர். அவன் அக்கா காது பரிசோதகர், ஆகவே காதுக்காரி. அக்காவின் கணவர் ரயில் ஓட்டுகிறவர். அவருக்கும் அப்பா பெயர் வைத்துப் பார்த்தார், மாப்பிள்ளை என்பதால் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அச்சகத்திலிருந்துதான், பிழை திருத்துவதிலிருந்து இல்லை.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று அந்த வீட்டில் உண்டு. விடுமுறை நாள் காலையில் எல்லோரும் கூட வேண்டும். அந்த வாரம் கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பம் ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். ஏன் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் அதிலிருந்து ஒரு பாட்டைப் போடலாம். காரணமாக எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அத்தனை பேருக்கும் டீ போட்டு, டம்ளரையும் கழுவி வைக்க வேண்டும்.

“நல்லா இருக்குன்னு எவன் சொல்றானோ அவன் கேக்கலைன்னு அர்த்தம்” என்பார் அப்பா. “இல்லேன்னா எதையோ மறைக்கிறான்.”

இந்த விடுமுறை நாளில் காதுக்காரிக்கும் ரயில்காரருக்கும் அடுத்து வந்து சேர்ந்தது மிக்ஸியின் மனைவி. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், அதனால் இந்த வீட்டில் அவள் பெயர் டீச்சர். அவள் தனியாக மாடிப்படி ஏறி வந்ததைப் பார்த்ததுமே காதுக்காரிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

“அவன் எங்கே?”

“கீழே வண்டியை நிறுத்திட்டு வராரு அண்ணி.” டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க கோவிச்சுக்கக்கூடாது.”

“கேளு.”

“என் மேல உங்க தம்பிக்கு ஏதாவது வருத்தமா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?”

“என்ன திடீர்னு?”

“கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்லை. பக்கத்துல உட்கார்ந்து நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், காதுலயே வாங்கறதில்லை. வண்டியில வரும்போதும் அப்படித்தான். நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து வழி பூராப் பேசினேன். கடைசியில இறங்கும்போது, ‘ஏன் உம்முன்னு வரே’ன்னு என்னையே கேக்கறாரு.”

காதுக்காரி சிரித்தாள். தம்பியைப் பற்றி யார் எந்தக் குறை சொன்னாலும் முதலில் சிரித்துவிடுவது அவள் பழக்கம். “வேலையில ஏதோ தகராறு. அந்த இடப்பக்கம் வெடிக்கிற பாட்டுதான் தலைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கும். விடு.”

டீச்சர் தலையாட்டினாள். ஆனால் விட்டவள் முகமாக அது இல்லை.

மிக்ஸி வந்தான். வழக்கமாக அவன் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரமாக, எல்லோரையும் தனக்கு வலப்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதுக்காரியும்தான்.

ரயில்காரர் ஆரம்பித்து வைத்தார். ஒரே ஒரு வயலின், ஆல்பம் முழுக்க ஒரே நீளமான வாசிப்பு.

“இதுல ஒண்ணுமே நடக்காது மாமா. ஆரம்பிச்ச இடத்துலேயே முடிஞ்சிடும். என் வேலையில ஒண்ணும் நடக்கலைன்னாதான் அன்னைக்கு எல்லாரும் வீடு போய்ச் சேந்தாங்கன்னு அர்த்தம். அதான் இது பிடிச்சிருக்கு.”

“வண்டி ஓட்டும்போது கேக்கறதில்லையே?” என்றார் அப்பா.

“சத்தியமா இல்லை மாமா.”

“அப்ப சரி. காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.”

அடுத்து டீச்சர். அவள் கொண்டுவந்த ஆல்பம் எந்த மொழி என்று அவளுக்கே தெரியாது. “காலையிலேர்ந்து ‘மிஸ், இவன் கிள்ளிட்டான்’, ‘மிஸ், இவ என் பென்சிலைக் கடிச்சிட்டா’. சாயங்காலம் ஆனா ஒரு வார்த்தையும் புரியாம இருந்தா தேவலைன்னு இருக்கு. இந்தப் பொண்ணும் யாரைப் பத்தியாவது புகார்தான் பாடுறாளோ என்னமோ. எனக்குத் தெரியாது. அதுதான் நிம்மதி.”

எல்லோரும் சிரித்தார்கள். மிக்ஸியும் சிரித்தான், மற்றவர்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தாமதமாக.

அப்பா மூன்றாவது வாரமாக அதே ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கும் வரை விடப்போவதில்லையாம். காதுக்காரி கொண்டுவந்தது ஒரு கச்சேரிப் பதிவு. கூட்டத்தில் ஒருவர் இருமுகிறார், யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. நாள் முழுக்கச் சத்தம் புகாத அறைக்கு வெளியே உட்கார்ந்து ‘பீப்’, ‘பீப்’ என்று அனுப்பிக்கொண்டிருப்பவளுக்கு மனிதர்கள் இருமுவது சங்கீதமாக இருந்தது.

“இப்ப நம்ம மிக்ஸி” என்றார் அப்பா.

மிக்ஸி நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் காலையில் முதல் முறையாக அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“இது ரொம்பப் பழைய ஆல்பம்ப்பா. நான் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்லை. போன வாரம் ஹெட்போன்ல போட்டேன். ஒரு அம்மா பாடறாங்க. அவ்வளவுதான். ஒரு வாத்தியம் கிடையாது. தாளம் கிடையாது. பிடிச்சுக்கறதுக்கு ஒரு சுருதி கூட இல்லை. தனியாப் பாடறாங்க.”

“அந்தக் காலத்துல அப்படியா ரெக்கார்ட் பண்ணினாங்க?” என்றார் ரயில்காரர்.

“அதான் ஆச்சரியம் மாமா. தைரியம் பாருங்க. அதுல ஒரு வரி பாடிட்டு நிறுத்திடுவாங்க. அப்படியே மௌனம். அவசரமே இல்லாம அடுத்த வரி எடுப்பாங்க. அந்த மௌனம் இருக்கே…” வார்த்தைக்குத் திணறினான். “என் வேலையே எதையாவது கொண்டுவந்து கலக்கறதுதான். இதுல நான் கலக்க ஒண்ணுமே இல்லை. ஒரு குறையும் இல்லாம முழுசா இருக்கு. கேட்டுட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் சொல்லப்பட்ட காரணங்களில் இதற்கு ஈடு இல்லை என்று அப்பாவின் முகம் சொன்னது.

“போடு” என்றார்.

மிக்ஸி போனில் தட்டினான். அலமாரியின் இரண்டு பக்கமும் இருந்த ஸ்பீக்கர்கள் உயிர் பெற்றன.

மேளம் அதிர்ந்தது. அதன் மேல் வயலின்கள், ஒன்று இரண்டு இல்லை, ஒரு கல்யாணத்துக்கே போதுமான வயலின்கள். புல்லாங்குழல் வேறு. நடுவே அந்த அம்மாளின் குரல் ஒரு வரி பாடி நின்றது. நின்ற இடத்தில் குழல் புகுந்து அதே வரியைத் திருப்பிச் சொன்னது.

ரயில்காரர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். “மௌனம் ரொம்ப பலமா இருக்கே மாப்ளே!”

டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காதுல பூ சுத்தறதுக்கு நாங்கதான் கிடைச்சோமா?”

“இல்லப்பா, வேற ஆல்பம் போட்டுட்டேன்” என்றான் மிக்ஸி. போனைப் பார்த்தான். பாட்டை நிறுத்தினான். மறுபடி போட்டான். மறுபடியும் மேளம். “வேற ஆல்பம். ஒரே மாதிரி அட்டைப் படம், குழம்பிட்டேன்.”

“கேக்காமயே காரணம் சொல்லியிருக்கே. டீ உன் கணக்கு” என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. காதுக்காரி தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையை இடப்பக்கமாகத் திருப்பி, வலது காதை இடப்பக்கத்து ஸ்பீக்கருக்கு நேராக வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தான். காது கேட்காதவர்களை அவர்கள் பேச்சை வைத்து அவள் கண்டுபிடிப்பதில்லை. தலையை எப்படித் திருப்புகிறார்கள் என்று பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள்.

அவள் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே ஆல்பத்தைத் தேடிப் போட்டாள். மேளம், வயலின், குழல், குரல் எல்லாம் இருந்தன. இடது காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள்.

மேளம் போயிற்று. வயலின்கள் போயின. வலது காதில் அந்த அம்மாள் மட்டும் தனியாகப் பாடினாள். ஒரு வரி பாடி நிறுத்தினாள். மௌனம். அவசரமே இல்லாமல் அடுத்த வரியை எடுத்தாள்.

பழைய பதிவுகளில் வாத்தியங்களை ஒரு பக்கமும் குரலை மறுபக்கமும் வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே மிக்ஸிதான். அவன் ஆல்பத்தை மாற்றிப் போடவில்லை. சொன்ன காரணத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காதுக்காரி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவள் வெளியே வந்தபோது மிக்ஸி டீ வடிகட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், என் ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு ஹெட்போன் வந்திருக்கு. சத்தம் சரியா வருதான்னு நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லேன். பத்து நிமிஷ வேலை.”

“லீவு நாள்லயா?” என்றார் ரயில்காரர்.

“நாளைக்குக் காலையில பேஷன்ட் இருக்கு.”

மிக்ஸி அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் வடிகட்டியைக் கீழே வைத்தான்.

“நானும் வரட்டுமா?” என்றாள் டீச்சர்.

“நீ எதுக்கு? போனதும் வந்துடுவோம்” என்று காதுக்காரியே பதில் சொன்னாள்.

மூடிக் கிடந்த ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து அவனை உள்ளே அழைத்துப் போனாள். சோதனை அறை, அறை என்று சொல்லவும் கொஞ்சம் சிறியது. கனமான கதவு, பஞ்சு வைத்த சுவர், ஒரு நாற்காலி. எதிரே கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே அவளுடைய மேசையும் கருவியும். உள்ளே இருப்பவர் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே மேசையில் ஒரு சின்ன விளக்கு எரியும்.

“அக்கா, வேலை அதிகம். தூக்கம் இல்லை. வேற ஒண்ணும் இல்லை.”

“உட்காரு. சத்தம் கேட்டா அழுத்து.”

வலது காதில் ஒரு குறையும் இல்லை. மற்றவர்கள் கோட்டைவிடும் மெல்லிய ஒலியையெல்லாம் அவன் பிடித்தான். விளக்கு டாண் டாண் என்று எரிந்தது.

பிறகு இடது காது. பலமாக அனுப்பினால் அது நல்ல காதுக்கும் எட்டிவிடும் என்பதால், வலது காதில் காற்று அடிப்பது போன்ற இரைச்சலைப் போட்டு அதைக் கட்டிப்போட்டாள். இடது காதில் ஒலியை அனுப்பினாள். விளக்கு எரிந்தது. குறைத்து அனுப்பினாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். அப்போதும் எரிந்தது.

ஒரு கணம் அவளுக்கு உயிர் வந்தது. நாம்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம், தம்பிக்கு ஒன்றும் இல்லை என்று மனம் துள்ளியது.

அடுத்த ஒலியை அனுப்பும்போதுதான் கவனித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசையை அழுத்தும்போது அவள் தோள் லேசாக அசைகிறது. அது அசையும்போதெல்லாம் விளக்கு எரிகிறது.

அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். எந்த ஒலியையும் அனுப்பாமல் தோளை மட்டும் அசைத்தாள்.

விளக்கு எரிந்தது.

மறுபடி அசைத்தாள். மறுபடி எரிந்தது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி மார்பில் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிக்ஸி பட்டனைப் பிடித்தபடி அந்தக் கைகளைப் பார்த்தான். பிறகு பட்டனை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அழுகை வரப்பார்த்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

“எப்பலேர்ந்துடா?”

“போன வாரம் ஒருநாள் காலையில எழுந்தேன். அடைச்சுக்கிட்டாப்ல இருந்துச்சு. சளியா இருக்கும்னு நினைச்சேன்.”

“அக்கா ஒருத்தி இந்த வேலைதான் பாக்கறான்னு ஞாபகம் வரலையா?”

“வந்துச்சு. அதான் சொல்லலை.” அவன் ஹெட்போனைக் கழற்றினான். “நீ சொல்லிட்டா நிஜமாயிடும்லக்கா.”

அவள் அவனுக்கு வலது பக்கமாக வந்து நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

“அந்தப் பாட்டு உனக்கு எப்படிடா தெரியாம போச்சு? குரல் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம்னு எனக்கே நீதான் சொல்லிக்குடுத்தே.”

“தோணவே இல்லைக்கா.” மிக்ஸி இடது காதை உள்ளங்கையால் தேய்த்தான். “காது அடைச்சதிலேர்ந்து எந்தப் பாட்டைப் போட்டாலும் பாதிதான் இருந்துச்சு. எனக்கு மனப்பாடமான பாட்டெல்லாம் பாதி. இது ஒண்ணுதான் முழுசாக் கேட்டுச்சு. அந்தச் சந்தோஷத்துல வேற எதுவும் தோணலை.”

காதுக்காரி அவன் தலையில் கை வைத்தாள். அவள் கோபம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது.

“கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன். அவர் வீட்டுலயே பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. இப்பவே போறோம். உடனே மருந்து ஆரம்பிச்சா திரும்பி வரலாம். வராமலும் போகலாம், உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாளைத் தள்ளிக்கிட்டே போனா வராதுன்னே வெச்சுக்கோ.”

“நாளைக்கு அந்தப் பாட்டைச் சரிபண்ணிக் குடுத்துட்டு வந்துடறேனே.”

“எந்தக் காதை வெச்சுக்கிட்டு?”

மிக்ஸி ஹெட்போனைக் கொக்கியில் மாட்டிவிட்டு எழுந்தான்.

“வரேன். ஆனா ஒண்ணு. அவகிட்ட இப்ப சொல்லாதே. அப்பாகிட்டயும்.”

“அப்பாவை விடு. அவகிட்ட ஏன் சொல்லக்கூடாது? நீ அவளை அலட்சியம் பண்றேன்னு நினைச்சுக்கிட்டிருக்காடா.”

“அலட்சியம்னே நினைக்கட்டும். அதைப் பின்னாடி சமாதானம் பண்ணிக்கலாம். அவ அழுதா என்னால நாளைக்கு அந்தக் கூடத்துக்குள்ள கால் வைக்க முடியாது.” அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “டாக்டர் என்ன சொல்றாருன்னு தெரியற வரைக்கும். எனக்காக.”

தம்பி எனக்காக என்று கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. சரி என்றாள். சொன்ன மறுகணமே தப்பு செய்துவிட்டோமோ என்றும் இருந்தது.

அவன் முகம் கழுவப் போனான். அவள் விளக்குகளை அணைத்து, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, வெளியே காத்திருப்போர் பகுதிக்கு வந்தாள்.

சுவரோர பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். மடியில் மிக்ஸியின் போன்.

“இதை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டாரு அண்ணி. கூடத்துலேர்ந்து போன் மேல போன். அதான் உங்க வீட்டுக்காரர் வண்டியில கொண்டுவந்து விட்டாரு.” அவள் எழுந்து நின்றாள். “முடிஞ்சுதா? எப்படி இருக்கு?”

ஹெட்போனைத்தான் கேட்டாள். அல்லது ஹெட்போனை மட்டும் கேட்கவில்லையோ என்னவோ. காதுக்காரி சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“நல்லா இருக்கு” என்றாள்.

டீச்சர் சிரித்துவிட்டாள். “மாட்டிக்கிட்டீங்க! சாயங்காலம் டீ உங்க கணக்கு அண்ணி.”

காதுக்காரியும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. டீச்சர் அவள் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் சிரிப்பும் தேய்ந்தது. அந்த வீட்டில் அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மருமகளாக வந்த முதல் வாரமே அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

உள்ளே குழாய்த் தண்ணீர் நின்றது. மிக்ஸியின் காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

டீச்சர் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்?” என்று கேட்டாள். “ஏன்னு சொல்லுங்க அண்ணி.”